பாதிப் பாட்டு வந்த வீடு

எங்கள் வீட்டில் பாட்டுக்காரி வாயைத் திறக்கவே மாட்டாள். பிடில் வரும், மேளம் வரும், யாரோ சலங்கை குலுக்குவார்கள். பாடுகிறவள் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம், வயர்மேன் மாமா வீட்டில் நின்று பாடுவாள். எழுபதுகளின் கடைசியில், வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஃபேக்டரியை ஒட்டிய லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், நாங்கள் இப்படித்தான் ஸ்டீரியோ கேட்டோம். இன்றைக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தான்.

மாமா எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. ஃபேக்டரியில் வயர்மேன், எங்களுக்கு அடுத்த வாசல். அம்மா அவரைத் தம்பி என்று கூப்பிட்டதால் எனக்கு மாமா ஆனார், அவர் மனைவி அத்தை ஆனாள். லயத்தில் சொந்தம் அப்படித்தான் உண்டாகும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாமா தன் ஆசையை எல்லாம் பாட்டுக் கேட்கும் சாமான்களின் மேல் வைத்திருந்தார். ஒரு ரேடியோ இருந்தது. பிறகு மூடியிலேயே ஸ்பீக்கர் வைத்த சின்ன ரெக்கார்ட் பிளேயர் ஒன்று வந்தது. அது ஜலதோஷம் பிடித்த ஆள் மாதிரி கரகரவென்று பாடும். லயத்துக் கல்யாணம், சடங்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

அப்போது எஸ்டேட்டின் உதவி மேனேஜர், சின்ன துரை, மாற்றலாகிப் போனார். துரைமார் போகும்போது பங்களா சாமான்களை இங்கேயே விற்றுவிட்டுப் போவது வழக்கம். கட்டில், மெத்தை, நாய்க்கூண்டு என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். மாமா ஸ்டீரியோ செட்டைப் பிடித்துவிட்டார். பங்களாவில் அது கெட்டுப்போகும் போதெல்லாம் அதைத் திறந்து சரி செய்தவர் அவர்தான். எத்தனை நாள் கண் வைத்திருந்தாரோ! இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை இரண்டு ஆட்கள் தலையில் வைத்து மலைப்பாதையில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். மாமா முன்னால் நடந்தார், யாராவது இடித்துவிடப் போகிறார்கள் என்று கையை விரித்துக்கொண்டு. அத்தை ஆரத்தி எடுக்காததுதான் பாக்கி.

பழைய பிளேயரை விற்றார். ரேடியோவைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். "இனிமே அந்தக் கரகரப்பெல்லாம் நமக்கு எதுக்குக்கா?" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அந்த ரேடியோ மட்டும் அவர் வீட்டிலேயே இருந்திருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

வந்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. லயத்து வீடு என்பது முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி. அந்த அறையில் கட்டில் போட்டால் ஆள் நிற்க இடமில்லை. "ரெண்டு பெட்டியும் தள்ளித் தள்ளி நிக்கணும்க்கா. அப்பத்தான் சத்தம் பிரிஞ்சு வரும்" என்றார் மாமா. கட்டிலுக்கடியில் ஒன்று, அரிசிப் பானை மேல் ஒன்று என்று வைத்துப் பார்த்தார். அத்தைக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பெட்டி ரெண்டும் உள்ள இருக்கணும்னா நான்லா வெளிய நிக்கணும்! எது வேணும்னு நீங்களே சொல்லிருங்க" என்று கரண்டியோடு வந்து நின்றாள்.

லயத்துச் சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. மாமா சுவரை அண்ணாந்து பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "அக்கா, ஒரு பெட்டி உங்க வீட்டுல இருக்கட்டுமா?" என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே சுவருக்கு மேல் வயரை இழுத்து ஒரு பெட்டியை எங்கள் அறையில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டார்.

துரை விட்டுப்போன இசைத்தட்டுகளில் ரெயில் ஓடுகிற தட்டு ஒன்று இருந்தது. பாட்டு இல்லை, வெறும் ரெயில் சத்தம். எங்கள் மலையில் ரெயில் ஏது? லயத்தில் பாதிப் பேர் தேனிப் பக்கம் இறங்கினபோதுதான் ரெயிலைக் கண்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாமா அந்தத் தட்டைப் போட்டால் பாதி லயம் அவர் வாசலிலும் பாதி லயம் எங்கள் வாசலிலும் குந்திவிடும். ரெயில் அவர் வீட்டில் புறப்பட்டு, கூவி, சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து ஓயும். "வந்துட்டு, வந்துட்டு!" என்று எங்கள் பக்கம் கத்துவார்கள். "போயிட்டுப்பா!" என்று அந்தப் பக்கம் கத்துவார்கள். எவ்வளவு சந்தோஷம்!

இதற்கு நடுவே லயத்தின் ஒரு மரியாதையைச் சொல்ல வேண்டும். சுவர் அந்த உயரத்தில் நின்றுபோனால் எந்த வீட்டுப் பேச்சும் அந்த வீட்டோடு நிற்காது. புருஷன் பெண்டாட்டி சண்டை, வயிற்றுவலி, அழுகை எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். ஆனால் கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது. பக்கத்து வீட்டில் குரல் உயர்ந்தால் இந்த வீட்டில் பாத்திரத்தை உருட்டுவார்கள், அம்மியை இழுத்து அரைப்பார்கள், ரேடியோ இருந்தால் சத்தமாகத் திருகிவிடுவார்கள். "எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, நீங்கள் பேசுங்கள்" என்று அர்த்தம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கை தானாகப் போகும்.

எங்கள் வீட்டு விஷயத்தில் லயம் இந்த மரியாதையை வருஷக்கணக்கில் காத்தது. என் அப்பா அதே எஸ்டேட்டின் இன்னொரு டிவிஷனில் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். அம்மா யாரிடமும் "அவுக ஏலக்காட்டு வேலைக்குப் போயிருக்காக" என்றுதான் சொல்லுவாள். அடுத்த மேட்டில் இருக்கிற மனுஷனை ஏலக்காட்டுக்கு அனுப்பிய அம்மாவிடம் லயமே "அண்ணன் எப்பக்கா லீவுல வாராக?" என்று முகம் மாறாமல் விசாரிக்கும். நான் கொழுந்துக் கூடையோடு போகும்போது எதிரே அப்பா வந்தால் என்னோடு வருகிற பெண்கள் சட்டென்று செடியைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருக்கும்.

எனக்கு வயசு ஏறிக்கொண்டே போனது. பெண் கேட்டு வந்த ஓரிரண்டு இடமும் அப்பா விஷயம் தெரிந்து சொல்லாமல் நழுவிவிட்டது. கடைசியில் சித்திரபுரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை கரண்டு போர்டில் வேலை. போர்டு குவார்ட்டர்ஸ், கூரை வரை சுவர் எழுப்பிய வீடு. அம்மா அந்தச் சுவரைப் பற்றியே பேசினாள். "உள்ள நீ அழுதாலும் சிரிச்சாலும் ஒரு பயலுக்குக் கேக்காதுட்டீ" என்பாள். எனக்கும் அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று இருந்தது. பொய் சொல்லுவானேன், வெறியாகவே இருந்தது.

பெண் பார்க்க வருகிற நாளுக்கு அம்மா எல்லாம் யோசித்து வைத்தாள். ஸ்பீக்கர் பெட்டியை மாமா கழற்றிக்கொண்டு போக வந்தபோது தடுத்துவிட்டாள். பெட்டியின் மேல் பூப்போட்ட துணி விரித்து, பிளாஸ்டிக் பூச்செண்டு வைத்தாள். எங்களுடையது போல இருக்கட்டுமே என்று எண்ணம். மாமாவிடம் ஒரு கல்யாண நாதஸ்வரத் தட்டு இருந்தது. "தம்பி, அந்தத் தட்டைப் போட்டு ரெடியா வச்சிரு. பேசி முடிச்சதும் நான் குரல் கொடுக்கேன், நீ போட்டிரு" என்றாள். லயத்துப் பெண்களிடமும் சொல்லி வைத்தாள், மேளம் கேட்டதும் குலவை போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று. ஏற்பாடு பலமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையும் அவரை வளர்த்த சித்தியும் சித்தப்பாவும் முந்தின நாளே வண்டிப்பெரியாறு வந்து தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் எஸ்டேட்டுக்கு ஏறி வந்தார்கள். மூன்று பேராகப் போகக் கூடாது என்று தங்கின வீட்டுக் கைக்குழந்தையையும் தூக்கி வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நன்றாகவே இருந்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். நான் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றுகொண்டேன்.

சித்தியின் கண் நேரே பெட்டிக்குப் போனது. "பாட்டுப் பெட்டியா? பாடுமா?"

"ஸ்டீரியோ மதினி" என்றாள் அம்மா. "நல்ல காரியம் முடியட்டும், பாடும்."

சித்தி சாயாவைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "பிள்ளையோட அப்பா வரலியோ?"

"ஏலக்காட்டுல இருக்காக மதினி. லீவு கிடைக்கல."

"ஏலக்காடா? நாங்க தங்குன வீட்டுல, இதே எஸ்டேட்டுல மேல் டிவிஷன்ல ஒரு பொம்பளையோட இருக்காருன்னுல்லா சொன்னாக. நேத்து சந்தையில கூட ரெண்டு பேரையும் பாத்தாகளாமே."

அம்மா "இல்லையே" என்றாள். பிறகு "யாரு சொன்னா?" என்றாள். பிறகு அவள் வாய் கோணிக்கொண்டது. நான் அம்மா அழுது பார்த்திருக்கிறேன், புகையில் அழுகிற மாதிரி, சத்தமில்லாமல். அன்றைக்கு ஒரு ஓலம் வந்தது. "அந்த மனுஷன் செஞ்சதுக்கு எம் பிள்ளை என்ன செய்யும் மதினி? அவ பத்தரை மாத்துத் தங்கம். எம் பிள்ளைய வேண்டாம்னு சொல்லிராதிய" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சித்தியின் காலில் விழுந்து, இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, எந்திரி" என்றேன். அவள் காதில் ஏறவில்லை.

அந்த ஓலம் சுவருக்கு மேல் போயிருக்கிறது. பக்கத்தில் மாமா. பாவம், லயத்து மனுஷன். பக்கத்து வீட்டில் அழுகை உயர்ந்ததும் கை தானாகப் போய்விட்டது. முன்பென்றால் ரேடியோவைத் திருகியிருப்பார். ரேடியோதான் இல்லையே! ரெடியாக இருந்த தட்டின் மேல் முள்ளை வைத்து, சத்தத்தைக் கடைசி வரை திருகிவிட்டார். அழுகையை மூடுவதற்கு வைத்த சத்தம் அழுகிற வீட்டுக்குள்ளேயே வந்து விழும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

நாதஸ்வரமும் தவிலும் எங்கள் அறையில் இடி மாதிரி இறங்கின. பிளாஸ்டிக் பூச்செண்டு ஆடியது. குழந்தை வீறிட்டது. சித்தப்பா கையிலிருந்த மிக்சர் தட்டைக் கீழே போட்டுவிட்டார். அம்மா காலைப் பிடித்தபடியே தலையை நிமிர்த்திப் பெட்டியைப் பார்த்தாள். நல்ல காரியம் முடிந்தால் பாடும் என்று அவள் வாயாலேயே சொன்ன பெட்டி!

உடனே குலவைச் சத்தம். லயத்துப் பெண்கள் சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டார்கள், நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டுக்கொண்டு, கையில் சீனியும் குங்குமமும் கதம்பமும் எடுத்துக்கொண்டு. முன்னால் அத்தை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களின் குலவை ஒவ்வொன்றாக அடங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். தரையில் அம்மா, முந்தானை விலகி, மூக்கு ஒழுகி, ஒரு அந்நியப் பெண்பிள்ளையின் காலைக் கட்டிக்கொண்டு. அத்தனை வருஷம் குனிந்து செடியைப் பார்த்தவர்களுக்குக் குனிய அங்கே செடி இல்லை. என் மானம் அன்றைக்குத்தான் கப்பலேறியது. அம்மாவை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அத்தை கெட்டிக்காரி. ஒரு நொடிதான் திகைத்தாள். "பாத்தியளா, எங்க மதினி சம்பந்தியம்மா கால்லேயே விழுந்து மரியாதை செய்தாக! இந்தக் காலத்துல யாரு செய்வா?" என்று உரக்கச் சொல்லிவிட்டு, மறுபடி ஒரு குலவையைப் போட்டாள். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவைத் தூக்கி நிறுத்திய கையாலேயே சித்தியின் நெற்றியில் குங்குமத்தை அப்பினாள். ஒருத்தி பூ வைத்தாள். ஒருத்தி வாயில் சீனியைத் திணித்தாள். தவில் பிளந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் சிரித்த முகமாகச் சுற்றி நிற்கும்போது வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்?

சித்தி சீனியை விழுங்கினாள். அம்மாவின் காதருகே குனிந்து, "ஏற்பாடெல்லாம் நல்லாப் பண்ணியிருக்கிய" என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்க, "சரி, ஆகட்டும்" என்றாள்.

அம்மாவுக்கு முதல் வாக்கியம் புரிந்ததோ இல்லையோ, இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணீரோடு சிரித்தாள். அப்பா பேர் கெட்டது தெரிந்தும் சரி என்று சொல்லிவிட்டார்களே! அவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்குத்தான் அந்தச் சீனி இறங்கவில்லை. அவர்கள் விடைபெற்றுப் போன பிறகு பார்த்தால் குழந்தையின் பால் பாட்டில் கட்டிலில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நானே ஓடினேன். கல்யாணம் பேசின பெண் இப்படி ஓடுவாளா என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. ரோட்டு வளைவில் அவர்களைப் பிடித்தேன். சித்தியும் சித்தப்பாவும் முன்னால் போய்விட்டார்கள். சித்தி நெற்றிக் குங்குமத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். மாப்பிள்ளை குழந்தையோடு பின்தங்கி வந்தார்.

பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "அம்புட்டுக் கூட்டத்துக்கு முன்னால வேற வழி இல்லாமத்தான் சரின்னாக. அது எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படி? நெசத்தைச் சொல்லிருங்க."

அவர் குழந்தையைத் தோள் மாற்றினார். கெட்ட மனுஷன் இல்லை. குரலெல்லாம் இதமாகத்தான் இருந்தது. "உன் மேல ஒண்ணும் இல்ல. ஆனா வீட்டுக்குப் போனா சித்தி இதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவாக. உங்க அப்பா விஷயம், இன்னைக்கு நடந்த கூத்து... எனக்கும் நாலு பேரு முகத்துல முழிக்கணும்லா?"

"அப்ப வேண்டாம்னு சொல்லுங்க."

"வாக்குக் கொடுத்துட்டாகளே. நாங்க மாறுனா அசிங்கம்." முன்னால் போகிற சித்தியை ஒரு தடவை பார்த்தார். "நீயே மாட்டேன்னு சொல்லிரேன். யாருக்கும் கெட்ட பேரு இல்ல."

"யாருக்கும்னா?"

"எங்களுக்கு" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்கு நெருப்பாய்ப் பற்றிக்கொண்டு வந்தது. "கரண்டுக் கம்பத்துல ஏறுத ஆளுக்கு இம்புட்டுப் பயமா?" என்று கேட்டேன். குழந்தை என் முடியைப் பிடித்துக்கொண்டது, அதை விடுவித்துவிட்டுத் திரும்பி நடந்தேன். வளைவில் ஒரு கல் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வீட்டுச் சுவரை நினைத்து ஆசைப்பட்டதுகூட வெட்கமாக இருந்தது.

லயத்தில் கல்யாணக் களை வந்துவிட்டிருந்தது. மாமா வேறு தட்டு போட்டிருந்தார். அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, வாசலில் நின்று வருகிறவர் கையிலெல்லாம் சீனி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அவர்தான் வேண்டாம் என்கிறார் என்று சொல்லலாம் என்றுதான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. காலில் விழுந்தும் தள்ளிவிட்டார்கள் என்று அத்தனை பேர் நடுவில் அவளிடம் எப்படிச் சொல்ல?

"எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம்" என்றேன்.

அம்மா சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. இரண்டாம் தடவை சொன்னேன். அத்தை ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "என்னட்டி உளறுத? என்ன குறை அவருக்கு?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "மூக்கு புடிக்கல."

லயம் பேசாமல் விடுமா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "மூக்காமே! இவ மூஞ்சிக்கு அது போதாதோ" என்றாள் ஒருத்தி. "கொழுப்பு. தாய் பட்ட பாட்டுக்கு இவ செய்த கைம்மாறு" என்றாள் இன்னொருத்தி. அதுவரை எங்கள் வீட்டு விஷயத்தில் வாய் திறக்காதவர்கள், என்னைப் பேசலாம் என்றதும் தாராளமாகப் பேசினார்கள். மாமா மட்டும் உள்ளே போய்ப் பாட்டை நிறுத்தினார். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

அம்மா கையில் சீனித் தட்டோடு அப்படியே நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள். எப்போதும் சுவரைப் பார்த்துக் குரலைத் தணித்தே பேசுகிறவள், அன்றைக்குத் தணிக்கவில்லை.

"அப்ப நான் எதுக்குட்டீ அந்தப் பொம்பளை கால்ல விழுந்தேன்?"